நாலு விரற்கடைத் தூரம்

"குழந்தைக்கு என்ன வயசும்மா?" என்று கேட்டார் மருந்துக் கடைக்காரர்.

"இரண்டு."

"எடை எவ்வளவு? சொன்னால்தான் டயப்பர் அளவு பார்த்துக் கொடுக்க முடியும்."

"200 கிலோ இருக்கும்" என்றேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இருமல் மருந்து வாங்க வந்து நின்றிருந்த பெரியவர் ஒருவர் இருமுவதைக்கூட மறந்துவிட்டார். "இருப்பதிலேயே பெரிய அளவாகக் கொடுங்கள். கூடவே அகலமான ஒட்டு நாடா ஒரு சுருள், பேதி உப்பு ஒரு கிலோ" என்று சொல்லி, வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

சகோதரிகளே, இதை எழுதும்போது எனக்கும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அது 2020ஆம் வருஷம், நவம்பர் மாதக் கடைசி. நிவர் புயல் அடித்து ஓய்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது. திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் என் அத்தையின் மாந்தோப்பில், எங்கள் 'குழந்தை' மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது. நாலாவது காலைத் தரையில் வைக்க அதனால் முடியவில்லை.

அந்தக் குழந்தையின் பெயர் சிட்டு. இரண்டு வயசுப் பெண் குதிரை. அத்தை பள்ளிக்கூட வாத்தியாரம்மாவாக இருந்து ஓய்வு பெற்றவள். மாமா காலமான பிறகு தோப்பிலேயே தனியாக இருக்கிறாள். அவளுக்குக் குதிரை வளர்க்கும் ஆசை ஒரு நாளும் இருந்தது கிடையாது. அந்த வருஷம் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் காலையில், கல்யாண ஊர்வலத்துக்கும் கடற்கரைச் சவாரிக்கும் குதிரை விடுகிற ஒருவர் சிட்டுவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். ஊரடங்கு வந்து ஐந்து மாசம் ஆகியிருந்தது. கல்யாணங்கள் வீட்டுக் கூடத்துக்குள் இருபது முப்பது பேரோடு நடந்தன. கடற்கரைகள் மூடிக் கிடந்தன.

"என் வீட்டிலேயே ஒரு வேளைதாம்மா உலை வைக்கிறோம். இதுக்கு நான் எங்கே போவேன்? உங்க தோப்புலே புல்லாவது இருக்கு. பிழைச்சா உங்க புண்ணியம்" என்றார்.

அத்தை அவரைப் பார்த்தாளாம். குதிரையைப் பார்த்தாளாம். இரண்டு பேருக்கும் விலா எலும்பு ஒரே மாதிரி தெரிந்ததாம். முதலில் அவரைத் திண்ணையில் உட்கார்த்திச் சாதம் போட்டாள். பிறகு கயிற்றை வாங்கி மாமரத்தில் கட்டினாள்.

பட்டினி கிடந்த பிராணிக்கு வயிறு நிறையப் போடுவதுதானே தர்மம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது தப்பு. நெடுநாள் பட்டினி கிடந்த குதிரைக்குத் திடீரென்று தானியத்தைக் கொட்டினால், உடம்பின் உப்புச் சத்துகள் நிலை குலைந்து, தின்ற தீனியே உயிருக்கு உலை வைக்கும். அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1990களில் இதைச் சோதித்திருக்கிறார்கள். மெலிந்த குதிரைகளுக்குப் பல விதத் தீனி கொடுத்துப் பார்த்ததில், நம் ஊரில் குதிரைமசால் என்று சொல்லும் பயிரின் உலர்ந்த தழையைக் கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகக் கொடுப்பதே நல்லது என்று கண்டார்கள். அத்தைக்குக் கலிபோர்னியா தெரியாது. ஆனால் கால்நடை மருந்தகத்து டாக்டர் சொன்னதை அப்படியே கேட்டாள். குதிரைமசாலும் அருகம்புல்லும் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டாள்.

கேட்காதவள் நான்தான். செப்டம்பரில் போக்குவரத்துத் தடை நீங்கியதும் ஞாயிற்றுக்கிழமை தோறும் தோப்புக்குப் போக ஆரம்பித்தேன். சும்மா போவேனா? பை நிறைய வேக வைத்த கொள்ளு, அச்சு வெல்லம், வாழைப்பழம். கொள்ளு என்றால் வாயைத் திறப்பதுதானே குதிரையின் குணம்! சிட்டு என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே காதை நிமிர்த்திக்கொண்டு வேலியருகே ஓடி வரும். எனக்குப் பெருமை தாங்காது. அத்தை கண்ணைக் காட்டினாலும் நான் கவனிக்க மாட்டேன்.

தீபாவளிக்குள் சிட்டுவின் விலா மறைந்துவிட்டது. ரோமத்தில் பளபளப்பு ஏறிவிட்டது. அப்போதுதான் புயலும் மழையும் வந்தன. நொண்டலும் வந்தது.

டாக்டர் ஓர் இளம் பெண். ரெயின்கோட்டோடு வந்தவள், குதிரையின் கணுக்காலுக்குப் பின்புறம் விரலை வைத்தாள். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தாள். நாடி தட் தட்டென்று மோதியது. நல்ல குளம்பில் அந்த நாடி மெதுவாகத்தான் தெரியுமாம். பிறகு கிடுக்கி போன்ற ஒரு சாதனத்தால் குளம்பைச் சுற்றி அங்கங்கே அழுத்திக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் சிட்டு காலைப் பிடுங்கிக்கொண்டது.

"குளம்புக்குள்ளே சீழ் கட்டியிருக்கு, அக்கா. பயப்படாதீங்க. வலி பயங்கரமா இருக்கும். ஆனா சீழுக்கு வழி விட்டா சரியாயிடும்" என்றாள்.

உங்களில் யாருக்காவது நகச்சுற்று வந்திருக்கிறதா? எலுமிச்சம்பழத்தில் துளை போட்டு விரலைச் செருகிக்கொண்டு, இராத்திரி முழுவதும் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்படியானால் சிட்டுவின் கஷ்டம் உங்களுக்குப் புரியும். குதிரை தன் நடுவிரலின் நுனியில் நிற்கும் பிராணி. முன்னங்காலில் நாம் முழங்கால் என்று நினைக்கிற இடம் உண்மையில் அதன் மணிக்கட்டு. அதற்குக் கீழே இருப்பது உள்ளங்கை எலும்பும் ஒரே ஒரு விரலும். அந்த விரலின் நகம்தான் குளம்பு. நம் விரலில் சீழ் கோத்தால் சதை வீங்கி இடம் கொடுக்கும். குளம்பு இடம் கொடுக்காது. இரும்புப் பெட்டி மாதிரி இறுக்கும். அந்த நகச்சுற்று வந்த விரலை ஊன்றி, அதன் மேல் 60 கிலோவைச் சுமந்து நிற்பதென்றால் எப்படி இருக்கும்? குதிரையின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு முன்னங்கால்கள் இரண்டின் மேல்தான் விழுகிறது.

சீழுக்கு வழி விடக் குளம்பு செதுக்கத் தெரிந்தவர் வேண்டும். டாக்டர் சொல்லியனுப்ப, சென்னையிலிருந்து லாடம் அடிக்கும் பாய் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பந்தயக் குதிரை லாயங்களில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். இந்தத் தொழில் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் அருமை. அது இன்றைய சங்கதியும் அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இதையே எழுதி வைத்திருக்கிறார். கப்பல் கப்பலாக அரபுக் குதிரைகள் இறங்கினவாம். பாண்டிய மன்னர் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் வாங்கினாராம். பராமரிக்கத் தெரியாததால் வருஷ முடிவில் நூறுகூட மிஞ்சாதாம். குதிரை விற்ற வியாபாரிகள், லாடம் அடிக்கத் தெரிந்தவர்களைக் கூட்டி வராமல் பார்த்துக்கொண்டார்களாம். குதிரைகள் செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்!

பாய் குளம்பைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, வளைந்த கத்தியால் மெல்லச் சீவினார். குளம்பின் சுவரும் அடித்தகடும் சேருகிற இடத்தில், ரவிக்கையில் ஓரத் தையல் போல ஒரு கோடு ஓடும். அந்தத் தையலில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. கத்தி முனையால் அதைத் தொடர்ந்து போனார். திடீரென்று சாம்பல் நிறத்தில் சீழ் பீறிட்டது. நாற்றம் சகிக்கவில்லை. சிட்டு ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது. அரை மணி நேரத்தில் காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தது.

அதன் பிறகுதான் எனக்கு மருந்துக் கடை வேலை. குளம்பை வெதுவெதுப்பான பேதி உப்புத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். மருந்துப் பற்றுப் போட்டு, மேலே டயப்பரைச் சுற்றி, ஒட்டு நாடாவால் செருப்பு மாதிரி ஒட்ட வேண்டும். குளம்புக்குக் கட்டுப் போட இதைப் போல வசதியான சாதனம் வேறில்லை என்று உலகெங்கும் குதிரை வளர்ப்பவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். டெட்டனஸ் என்னும் ரண ஜன்னி குதிரையை எளிதில் தாக்கும் என்பதால் டாக்டர் அதற்கு ஓர் ஊசியும் போட்டாள். பத்தே நாளில் சிட்டு ஓட ஆரம்பித்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் எழுதவே மாட்டேன். 2021 ஜனவரியில், வழக்கத்துக்கு விரோதமாகப் பொங்கல் சமயத்தில் மழை கொட்டியது. இன்னொரு முன்னங்காலில் மறுபடியும் சீழ். மறுபடியும் பாய், மறுபடியும் டயப்பர். மருந்துக் கடைக்காரர் இந்த முறை வயசு கேட்கவில்லை, "குதிரை சௌக்கியமா?" என்று கேட்டார்.

இந்தத் தடவை பாய் வேலை முடிந்ததும் உடனே கிளம்பவில்லை. "இங்கே தொட்டுப் பாரும்மா" என்று என் கட்டைவிரலைக் குளம்பின் முன்பக்கத்தில் வைத்துத் தேய்த்தார். குறுக்கே ஒரு மேடு தட்டுப்பட்டது. அதற்கு மேலே குளம்பு வழுவழுவென்று இருந்தது. கீழே சொரசொரவென்று, வறண்டு, அங்கங்கே விண்டிருந்தது.

"கோட்டுக்கு மேலே இருக்கிறது இந்தம்மா போட்ட புல்லு. கீழே இருக்கிறது பட்டினி. குளம்பு மேலேயிருந்துதான் வளரும். இது நாலு விரற்கடை நீளம். ஒரு விரற்கடை இறங்க மூணு மாசம் ஆகும். கோடு தரையைத் தொடற வரைக்கும் குதிரை பழைய குளம்புலேதான் நிக்கும். அதுவரைக்கும் சீழ் வரத்தான் செய்யும்" என்றார்.

டாக்டரும் அதையே வேறு வார்த்தையில் சொன்னாள். பட்டினியில் வளர்ந்த குளம்பில் தையல் வலுவில்லாமல் இருக்கும். மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, மறுபடி ஊறும்போது அது பிரிந்து கொடுக்கும். பொடிக் கல்லும் சேறும் உள்ளே ஏறும். அதிலிருந்துதான் சீழ். பிறகு என்னைப் பார்த்து, "கொள்ளும் வெல்லமும் யார் கொடுத்தது?" என்று கேட்டாள். தேறி வரும் குதிரைக்கு மாவுச் சத்தும் சர்க்கரையும் அளவுக்கு மீறிப் போனால் குளம்புக்குள் அழற்சி உண்டாகும். ஏற்கெனவே நைந்த தையல் இன்னும் விட்டுப் போகும் என்று விளக்கினாள். கொள்ளுப் பை என் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பையை வாங்கி உள்ளே கொண்டு போய் வைத்தாள். அன்றிரவு எங்களுக்குக் கொள்ளு ரசம்.

குளம்பு வளரத் தேவையான பயோட்டின் என்ற சத்தை நாளைக்கு 20 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னாள் டாக்டர். "ஆனா ஒண்ணு, அக்கா. இது இருக்கிற குளம்பைச் சரி பண்ணாது. இனிமே வளரப் போற குளம்புக்குத்தான் உதவும். மாசக்கணக்கிலே பொறுமையாக் கொடுக்கணும்" என்றாள்.

பிப்ரவரியில் சிட்டுவைப் பார்த்தவர்கள் அசந்து போவார்கள். முதுகு உருண்டு, கழுத்து நிமிர்ந்து, வாலைத் தூக்கிக்கொண்டு தோப்பைச் சுற்றி வரும். நான் பத்திரிகைக்காரி அல்லவா? ஆகஸ்டில் அத்தை எடுத்த எலும்புக்கூட்டுப் படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்று திட்டம் போட்டேன். படமும் எடுத்தேன். பிரமாதமாக வந்தது. குளம்புகள் நாலும் புல்லுக்குள் மறைந்திருந்தன.

அந்தச் சமயத்தில் குதிரைக்காரர் வந்தார். கல்யாணங்கள் மறுபடி நடக்க ஆரம்பித்திருந்தன. அவரிடம் மீதியிருந்த கிழக் குதிரை ஒன்று மட்டும் போதவில்லை. சிட்டுவைப் பார்த்ததும் அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இது என் சிட்டுதானாம்மா?" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "வெள்ளிக்கிழமை ஒரு ஊர்வலம் இருக்கு. முன்பணம் வாங்கிட்டேன்."

குளம்பைப் பற்றி அத்தை சொல்லிப் பார்த்தாள். "நல்லாத்தானேம்மா நடக்குது?" என்றார். நன்றாகத்தான் நடந்தது. அவர் பேரில் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பணம் கொடுத்து நாம் வாங்கிய குதிரை அல்ல. அவருக்கும் வட்டிக்காரர்கள் இருந்தார்கள். மூன்று குழந்தைகள் இருந்தன. அத்தை கடைசியில், "உங்கள் குதிரை. வெள்ளிக்கிழமை காலையில் வந்து கூட்டிப் போங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை விடியற்காலையில் அத்தையிடமிருந்து டெலிபோன். "உடனே வாடி" என்றாள். மூன்றாவது தடவை. இந்த முறை சீழுக்குக் கீழே வழி கிடைக்காமல், சுவரின் உள்புறமாகவே மேலேறி, ரோமம் ஆரம்பிக்கிற இடத்தில் வெடித்திருந்தது. நாங்கள் சொல்லியனுப்பியதும் குதிரைக்காரர் வந்தார். பேசாமல் குந்தி உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வெகு நேரம் கழித்து, "தார் ரோட்டிலே, மேளச் சத்தத்திலே, மாப்பிள்ளையை மேலே ஏத்திக்கிட்டு இப்படி ஆகியிருந்தா..." என்றார். முடிக்கவில்லை.

உறவினர்கள் யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். "மூன்று தடவை ஆகிவிட்டது. ஒரு ஊசி போட்டு நிம்மதியாக்கிவிடக் கூடாதா? எத்தனை நாள்தான் பணத்தைக் கொட்டுவாய்?" என்றார்கள். அத்தையும் அன்று ஆடித்தான் போனாள். "எலும்பிலே ஏதாவது இருந்தால் நானே சம்மதிக்கிறேன். பார்த்துவிட்டு முடிவு பண்ணுவோம்" என்றாள். சிட்டுவை வண்டியில் ஏற்றி, 1903ஆம் வருஷம் தொடங்கப்பட்டு, சென்னை வேப்பேரியில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். படம் வரும்வரை அத்தை மரத்தடியில் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். எலும்புக்குச் சேதமில்லை. அடித்தகடு மெல்லிசு, தையல் பலவீனம், அவ்வளவுதான். மருந்து? "காலம்தான்" என்றார் அங்கிருந்த டாக்டர்.

வண்டியில் திரும்பும்போது அத்தை சொன்னாள்: "பெரியவன் பிறந்து மூன்றாம் மாசம் எனக்குக் கொத்துக் கொத்தாய் மயிர் கொட்டியது. அப்போது நான் நன்றாய்த் தேறியிருந்தேன், கன்னமெல்லாம் உப்பியிருந்தது. 'கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாய், உனக்கு என்ன அசதி?' என்றார்கள். எனக்கும் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. நானே என்னைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன்."

பிரசவமோ டைபாயிடோ வந்து போய், எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணும்போது, இரண்டு மூன்று மாசம் கழித்து மயிர் கொட்டுவதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். கடும் ஜுரத்துக்குப் பிறகு நகத்தில் குறுக்கே ஒரு பள்ளம் விழுந்து, மெல்ல நுனி வரை நகர்ந்து போவதையும் பார்க்கலாம். கன்னம் முதலில் தேறும். மற்றவை தங்கள் கணக்குப்படிதான் தேறும்.

மே மாதம் மறுபடியும் முழு ஊரடங்கு வந்தது. கல்யாண ஊர்வலங்கள் மறுபடி நின்றன. சிட்டு தோப்பில் இருந்தது. குதிரைக்காரரும் பாதி நாள் தோப்பில்தான் இருந்தார். அத்தை அவருக்குப் புல் அறுக்கவும் மாமரங்களுக்குப் பாத்தி கட்டவும் கூலி கொடுத்தாள். தினமும் காலையும் மாலையும் குளம்பைச் சுத்தம் செய்து துடைப்பது அவர் வேலை. சமையலறைக் காலண்டரில் மாதப் பிறப்புத் தோறும் கோடு எங்கே இருக்கிறது என்று அத்தை பென்சிலால் குறிப்பாள். மூன்று விரற்கடை. மூன்றரை. ஜூன் மாதத்தில் ஒரு தடவை லேசாய் நொண்டியது; இரண்டே நாளில் சரியாகிவிட்டது.

ஆகஸ்டு கடைசியில் கோடு தரையைத் தொட்டது.

பாய் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கு வைத்த பிறகு வீட்டில் நகம் வெட்டக் கூடாது என்பது அத்தையின் கண்டிப்பான சட்டம். சிறு வயதில் நான் அதற்காகக் குட்டுப் பட்டிருக்கிறேன். அன்று அவளே லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாய் நாலு குளம்புகளிலும் கோட்டுக்குக் கீழே மிஞ்சியிருந்ததைப் பிறை பிறையாக வெட்டிப் போட்டார். தையல் இறுகி, சுத்தமாக இருந்தது. "இப்பத்தாம்மா பட்டினி முடிஞ்சுது" என்றார்.

அத்தை குதிரைக்காரரைப் பார்த்து, "இனிமேல் நீங்கள் கூட்டிக்கொண்டு போகலாம்" என்றாள். அவர் சிட்டுவின் முதுகைத் தடவியபடி கொஞ்ச நேரம் நின்றார்.

"இங்கேயே இருக்கட்டும்மா. என் கோடு இன்னும் இறங்கல்லே" என்றார்.

சிட்டு இன்று வளர்ந்த குதிரை. தோப்பில்தான் இருக்கிறது. அவர் வட்டிக் கடனைத் தீர்க்க மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. மழைக்காலம் வந்தால் இன்றும் அத்தை காலையில் காப்பி குடிக்கும் முன் போய்க் கணுக்காலில் நாடி பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

நான் அந்தக் கட்டுரையை எழுதவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது படுத்து எழுந்திருக்கலாம், பிள்ளை பெற்றிருக்கலாம், பெரிய துக்கத்திலிருந்து மீண்டு வந்திருக்கலாம். பார்த்தவுடன், "அடடா, நன்றாய்த் தேறிவிட்டாயே! இனி வேலையைப் பார்க்கலாமே!" என்று சொல்ல வாயெடுத்தால், ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். கோடு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இன்னும் இரண்டு விரற்கடை பாக்கியிருக்கலாம்.